முதல் பாடத்துக்கு எந்த டிராக்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாட்கள் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் கார் பந்தயம் நடந்தது. மூன்றரை கிலோமீட்டர் சுற்று, இரு பக்கமும் கான்கிரீட் தடுப்புகள், பகல்போல் வெளிச்சம். ரேஸ் என்பதை டிவியில் மட்டுமே பார்த்திருந்த பலருக்கு அந்த இரைச்சலை முதன்முதலாக நேரில் கேட்கும் வாய்ப்பு அது. இப்படி ஒரு பந்தயத்தைப் பார்த்துவிட்டு நாமும் ஓட்டிப் பார்க்கலாமே என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாகப் பள்ளியைத்தான் விசாரிக்கிறார்கள். எந்த கார் தருவார்கள், சொல்லிக்கொடுப்பவர் என்ன சாம்பியன்ஷிப் வென்றவர், கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பயிற்சி எந்த டிராக்கில் நடக்கிறது என்பது கடைசிக் கேள்வியாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. வந்தாலும், பெரிய டிராக் என்றால் பெரிய படிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. புதிதாகக் கற்பவருக்கு டிராக்கே பாதி வாத்தியார். அது சிறியதாக, மெதுவானதாக, தவறு செய்தால் போய் நிற்க இடமுள்ளதாக இருப்பது நல்லது. ஃபார்முலா ஒன் நடந்த இடமா, நடக்காத இடமா என்பது இந்தக் கட்டத்தில் பொருட்டே இல்லை.

பள்ளி என்றதும் வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரேஸ் பள்ளி பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் சமாச்சாரம். மஞ்சள் கொடி, நீலக் கொடி, சிவப்புக் கொடி எதற்கு என்று வகுப்பறையில் தொடங்கும். வளைவுக்குள் வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரம் போகும் ரேஸிங் லைன், பிரேக்கை எங்கே அழுத்துவது எங்கே விடுவது, கியரை எப்போது இறக்குவது, இன்னொரு காரை எந்தப் பக்கம் தாண்டலாம் என்றெல்லாம் போய், கடைசியில் ஸ்டார்ட் பழக்கி, ஒரு ஒத்திகைப் பந்தயத்தில் முடியும். நம் நாட்டில் தேசியப் போட்டிகளில் ஓட்டுவதற்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸை நோக்கிய படிதான் இந்தப் பள்ளி. நாட்கள் குறைவு, கற்க வேண்டியது நிறைய. டிராக் தேர்வு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. நாட்டின் ரேஸ் வரலாற்றில் பாதி இங்கேதான் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தி, பிறகு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு டிராக் அமைத்தது. 1990 முதல் ஓட்டத்தில் இருக்கும் அதன் நீளம் 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட காரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். விலை குறைந்த ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் மறைந்த கோவை கரிவரதனின் பெயரைத் தாங்கியது அது. மூன்றாவது டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேச டிராக். ஹெர்மன் டில்கே வடிவமைத்தது, 5.125 கிலோமீட்டர், பதினாறு வளைவுகள். 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா ஒன் அங்கே நடந்தது. மூன்றையும் செபாஸ்டியன் வெட்டல்தான் வென்றார். வேறு டிராக்குகளும் உண்டு, புதிதாக வந்தவையும் உண்டு. ஆனாலும் விவாதத்துக்கு இந்த மூன்றும் போதும். ஒன்று சிறியது, ஒன்று நடுத்தரம், ஒன்று பிரம்மாண்டம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயிற்சி நாளில் ஓட்டும் நேரத்தை இருபது இருபது நிமிடமாகப் பிரித்துத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி காரில் ஒரு புதியவர் காரி டிராக்கில் சராசரியாக மணிக்கு 95 கிலோமீட்டரில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 80 வினாடி. இருபது நிமிடத்தில் பதினைந்து சுற்று. இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்றில் சராசரி வேகம் கூடும். 105 என்று வைத்தால் ஒன்பது சுற்றுதான் வரும். நொய்டாவில் 115 என்று தாராளமாகக் கொடுத்தாலும் ஏழுக்கு மேல் நிறைவாக வராது. நாளுக்கு ஐந்து முறை இறக்கினால் காரியில் எழுபத்தைந்து, நொய்டாவில் முப்பத்தைந்து சொச்சம். அதாவது ஒரு குறிப்பிட்ட வளைவை ஒருவர் எழுபத்தைந்து முறை சந்திக்கிறார், மற்றவர் அதில் பாதி முறை. பெட்ரோல், டயர், நேரம் எல்லாம் ஏறக்குறைய அதே அளவு செலவான பிறகு கிடைக்கும் வித்தியாசம் இது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். வந்தாக வேண்டும். சிறிய டிராக்கில் அதே வளைவு திரும்பத் திரும்ப வருகிறது, பெரிய டிராக்கில் வெவ்வேறு வளைவுகள் வருகின்றன, மொத்த எண்ணிக்கையில் பெரிய நஷ்டம் இல்லை, பலவகை கிடைப்பது லாபம்தானே என்பார்கள். கற்று முடித்தவருக்கு இந்த வாதம் பொருந்தும். கற்கத் தொடங்கியவருக்குப் பொருந்தாது. வளைவில் செய்த பிழை உடம்பில்தான் பதிகிறது. பின்சக்கரம் லேசாக வழுக்கியதை இடுப்பு உணர்ந்திருக்கும், ஸ்டியரிங் கனம் குறைந்ததைக் கை உணர்ந்திருக்கும். அந்த உணர்வு மங்குவதற்குள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, பிரேக்கைச் சற்று முன்னால் விட்டுப் பார்த்தால் காரணமும் விளைவும் ஒட்டிக்கொள்ளும். எண்பது வினாடியில் திரும்பி வருவதற்கும், நடுவில் பதினைந்து வேறு வளைவுகளைக் கடந்து இரண்டே முக்கால் நிமிடம் கழித்து வருவதற்கும் வேறுபாடு அங்கேதான். பாட்டு வகுப்பில் முதல் நாளே வர்ணம் எடுப்பதில்லை. சரளி வரிசையைத்தான் மூன்று காலத்திலும் பாட வைக்கிறார்கள். நல்ல பயிற்றுநரும் முதலில் எழுபது விழுக்காடு வேகம், பிறகு எண்பது, அதன்பின் தொண்ணூறு என்று ஒரே வளைவைத்தான் வேகம் ஏற்றி ஓட்ட வைப்பார். அதற்கு வளைவு அடிக்கடி வர வேண்டும்.

அடுத்தது வேகம். இங்கே இயற்பியல் கொஞ்சம் இரக்கமற்றது. ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. காய்ந்த தாரில், டயர்கள் காரின் எடைக்குச் சமமான பிடிப்பைத் தருகின்றன என்று வைத்தால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் ஆகும். 140இலிருந்து நிற்க 77 மீட்டர். வேகம் கூடியது நாற்பது விழுக்காடு, நிற்கும் தூரம் கூடியதோ ஏறக்குறைய இருமடங்கு. கார் தாரை விட்டுப் புல்லில் இறங்கி, பிடிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டால் அந்த 40 மீட்டர் 120 ஆகும், 77 மீட்டர் 230 ஆகும். டிராக்குக்கு வெளியே விட்டிருக்கும் காலி இடத்தை ரன்-ஆஃப் என்பார்கள். ஒரு வளைவின் ஆபத்தை அளக்க அந்த ரன்-ஆஃப் எத்தனை மீட்டர் என்று பார்த்தால் மட்டும் போதாது, அந்த வளைவுக்கு கார் என்ன வேகத்தில் வருகிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுகிய நேர்பாதையின் முடிவில் அறுபது மீட்டர் வெளி இருப்பது, நீண்ட நேர்பாதையின் முடிவில் நூறு மீட்டர் இருப்பதைவிடப் பாதுகாப்பாக இருக்கக்கூடும். தீவுத்திடல் போன்ற தெருச் சுற்றில் இந்த வெளி கிட்டத்தட்டப் பூஜ்யம். அங்கே ஓட்டியவர்கள் எல்லாம் பல நூறு சுற்றுகள் வேறெங்கோ தவறு செய்து தீர்த்துவிட்டு வந்தவர்கள்.

அப்படியானால் நொய்டாதானே மிகப் பாதுகாப்பானது, ஃபார்முலா ஒன் காருக்காக அகலமான ரன்-ஆஃப் விட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். எனக்கு எதிரான வாதங்களில் வலுவானது இதுதான். பாதியை ஒப்புக்கொள்ள வேண்டியும் இருக்கிறது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும் கார்களுக்காகக் கட்டிய வெளியில் ஒரு பள்ளி கார் எதையும் மோதாமல் நிற்கும் வாய்ப்பு மிக அதிகம். மேடு பள்ளமில்லாத தார், நவீன தடுப்புகள், வசதியான மருத்துவ அறை எல்லாமே அங்கே மேல்தரம். ஆனால் தாரிட்ட அகன்ற ரன்-ஆஃபுக்கு ஒரு குணம் உண்டு. தவறு செய்தவரை அது தண்டிப்பதுமில்லை, எச்சரிப்பதுமில்லை. அரை கார் அகலம் வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வந்துவிடலாம். அவருக்கு அது தவறாகவே படாது. ஓரத்தில் புல்லோ சரளைக்கல்லோ இருந்தால் சக்கரம் தொட்ட கணமே கார் சொல்லிவிடும். மெதுவான டிராக்கில் அந்தச் சொல் அழுக்கோடும் கொஞ்சம் அவமானத்தோடும் முடியும். வேகமான டிராக்கில் வேறு மாதிரி முடியலாம். ஆகவே சரளையும் புல்லும் வேண்டும், கூடவே குறைந்த வேகமும் வேண்டும் என்பது என் பதில். பழைய சிறிய டிராக் எல்லாமே பாதுகாப்பானவை என்று நான் சொல்லவில்லை. தடுப்புச்சுவர் ஓரத்தை ஒட்டி நிற்கும் சிறு டிராக்குகளும் உண்டு. அங்கே சேருவதற்கு முன் ஒருமுறை நடந்து சுற்றிப் பார்ப்பது நல்லது. டயர் அடுக்குகள் கட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது சும்மா சாத்தி வைத்திருக்கிறார்களா என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

பெரிய டிராக் புதியவருக்குப் பயன்படாமல் போவதற்கு இன்னொரு காரணம் அதன் அளவுகோல். நொய்டாவின் நீண்ட பின் நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாருதி எஞ்சின் பொருத்திய எல்.ஜி.பி. ஃபார்முலா கார் போன்ற ஒன்றில் அதைக் கடக்க இருபத்தைந்து வினாடி ஆகும் என்று வையுங்கள். அந்த நேரமெல்லாம் ஓட்டுநரின் வேலை காலை அழுத்தியபடி உட்கார்ந்திருப்பது. சுற்றின் ஆறில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். முந்துவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று டில்கே சில வளைவுகளின் நுழைவை வேண்டுமென்றே அகலமாக்கியிருக்கிறார். ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களுக்கு அது வரம். புதியவருக்கோ எங்கிருந்து திரும்புவது என்று கண்ணுக்குப் பிடி கிடைக்காத மைதானம். குறைந்த சக்தி காரும் குறுகலான டிராக்கும் சேர்ந்தால் ஒவ்வொரு அடி அகலத்துக்கும் விலை உண்டு. வளைவிலிருந்து வெளியேறும்போது ஐந்து கிலோமீட்டர் வேகத்தை இழந்தால் அடுத்த நேர்பாதை முழுக்க அது தெரியும். புதியவர் புரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மையே இதுதான். நேர்பாதையில் வேகம் முந்தைய வளைவின் வாசலில் தீர்மானமாகிறது. ஒரு நல்ல பள்ளி டிராக்கில் கனமாக பிரேக் பிடிக்க வைக்கும் ஓரிடம், நேர்பாதைக்குள் திறக்கும் ஒரு வளைவு, ஒன்றை ஒன்று ஒட்டி வந்து முதலாவதை விட்டுக்கொடுத்தால்தான் இரண்டாவது சரியாகும் என்று காட்டும் ஓர் இரட்டை, இவ்வளவு இருந்தால் பாடத்திட்டம் நிறைந்துவிடும். இதற்கு ஐந்து கிலோமீட்டர் வேண்டியதில்லை.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒற்றை இருக்கை ஃபார்முலா காரில் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார முடியாது. அவர் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். சமதளத்தில் அமைந்த சிறிய டிராக்கில் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்றால் பெரும்பகுதி கண்ணில் படும். இந்த மாணவர் நாலாவது வளைவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே திரும்புகிறார், அந்த மாணவர் கியரை அவசரமாக இறக்குகிறார் என்று அவர் குறித்துக்கொள்ளலாம். ஐந்து கிலோமீட்டர் டிராக்கில் ஒரே ஒரு மூலைதான் தெரியும். மிச்சத்தைக் கேமராவிலும் டேட்டாவிலும் தேட வேண்டும். அவை பயனுள்ளவைதான். இருந்தும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க நேரம் ஒதுக்கினால்தான் அந்தப் பயன் கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை கூடிய பள்ளியில் அந்த நேரம் எளிதில் கிடைப்பதில்லை.

வெளிநாட்டு அனுபவமும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கிறது. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் கிராண்ட் பிரிக்ஸ் சுற்று இருக்கிறது. ஆனாலும் புதியவர்களுக்கான பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான இண்டி சுற்றில்தான் நடக்கின்றன. அமெரிக்காவில் ஸ்கிப் பார்பர் 1975இல் தொடங்கிய பள்ளி நெடுங்காலம் நம்பியிருந்த லைம் ராக் பார்க் இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. எதிர்ச் சான்றும் உண்டு. 1950களில் ஜிம் ரஸ்ஸல் தொடங்கிய புகழ்பெற்ற பள்ளி ஸ்னெட்டர்டனில் இயங்கியது. அது அக்கால அளவில் நீளமான, வேகமான டிராக். ஆனால் அதுவும் சோழவரம் போலப் போர்க்கால விமானதளத்தில் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டையான நிலம், திறந்த வெளி, தூரத்தில்தான் மோத ஏதாவது இருக்கும். நீளம் ஒரு குறையாக இருந்த இடத்தில் வெளி அதை ஈடுகட்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். நம் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 1992இல் பிரான்சின் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போனவர். 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டும் முதல் இந்தியர் ஆனார். அப்போது இந்தியாவில் ஃபார்முலா ஒன் தரத்தில் டிராக்கே கிடையாது.

போட்டி எங்கே நடக்கிறதோ அங்கேயே கற்றால் என்ன என்பது நடைமுறை சார்ந்த மறுப்பு. இருங்காட்டுக்கோட்டையில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள் நடக்கின்றன, ஓட்டப்போவது அங்கேதான், ஆகவே அந்த வளைவுகளையே மனப்பாடம் செய்துகொள்ளலாமே என்கிறார்கள். நியாயம்தான், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பதைத் தவிர. அந்த டிராக்கின் முதல் வளைவு பிரதான நேர்பாதையின் முடிவில் வேகத்தோடு வரும் வலது திருப்பம். தயங்கினாலும் தவறு, தைரியம் கூடினாலும் தவறு. அனுபவசாலிகள் அதை விரும்புவதும் அதனால்தான். 2023 ஜனவரியில் அந்த டிராக்கில் நடந்த சலூன் கார் பந்தயத்தில், பல்லாண்டு அனுபவமுள்ள 59 வயது ஓட்டுநர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். இவற்றைச் சொல்வது அந்த டிராக்கைக் குறைகூற அல்ல, பந்தயம் என்றைக்கும் ஆபத்தானதுதான். அனுபவம் இருந்தும் நடக்கக்கூடியது இது என்றால், அனுபவமே இல்லாதவர் வேகத்தைப் படிப்படியாகச் சந்திப்பதுதான் முறை. இருங்காட்டுக்கோட்டையில் முழுத் தடத்தை வெட்டிச் சிறிய சுற்றாகவும் ஓட்டலாம். பள்ளி அந்தச் சிறிய சுற்றில் தொடங்கி, கடைசி நாள் முழுச் சுற்றுக்குப் போகிறது என்றால் சென்னைக்காரர் கோவைக்குப் போக வேண்டியதே இல்லை. முதல் நாள் காலையிலேயே முழுச் சுற்று என்றால் யோசிக்க வேண்டும். காரியில் கற்பவருக்கு மனப்பாட வாதம் இன்னும் சுலபமாகத் தீர்ந்துவிடுகிறது. எல்.ஜி.பி. ஃபார்முலா கார்களுக்கான தேசியப் போட்டிகள் நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

சிமுலேட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு என்பதை அது அருமையாகச் சொல்லித்தரும். பயத்தையும் கழுத்து வலியையும் சொல்லித்தராது. கார்ட்டிங்கோ உண்மையாகவே நல்ல முன்படிப்பு, சிறிய டிராக் பற்றி இங்கே சொன்னதெல்லாம் அதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். வசதி இருப்பவர்கள் சில மாதம் அதை ஓட்டிவிட்டு வந்தால் பள்ளியின் முதல் நாள் வீணாகாது.

இடமும் காலமும் பார்க்காமல் டிராக்கை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. சென்னைப் புறநகரில் மே மாத மதியத்தில், தீப்பிடிக்காத துணியில் தைத்த முழு உடை, ஹெல்மெட், கையுறையோடு மூடிய காரில் உட்கார்ந்தால் மூன்றாவது முறை இறங்கும்போது கவனம் ஆவியாகிவிடும். கோவைக்கு அந்த வகையில் கொஞ்சம் கருணை உண்டு. மழைக்காலத்தைத் தவிர்க்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ஈரத் தாரில் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கான பாடத்தை அறுபதிலேயே கற்றுக்கொள்ளலாம் என்பதால், சிறிய டிராக்கில் ஒரு நாள் தூறல் கிடைத்தால் நான் அதை நஷ்டமாக எண்ண மாட்டேன். ஆம்புலன்ஸ் டிராக்குக்குள்ளேயே நிற்கிறதா, கொடி காட்டுபவர்கள் பயிற்சி நாளிலும் இருக்கிறார்களா, பக்கத்தில் பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். காரை இடித்துவிட்டால் மாணவர் எவ்வளவு கொடுக்க வேண்டும், அதற்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இதுவும் டிராக் தேர்வோடு சேர்ந்ததுதான். சுவர் பக்கத்தில் இருந்து, பில் பயமும் சேர்ந்தால் யாரும் எழுபது விழுக்காட்டைத் தாண்ட மாட்டார்கள், தாண்டாமல் எதையும் கற்கவும் மாட்டார்கள்.

லைசென்ஸும் வேண்டாம், போட்டியும் வேண்டாம், வாழ்நாளில் ஒரே ஒரு நாள் ரேஸ் காரில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் தேவையில்லை. அவர்கள் தாராளமாக நொய்டாவுக்கே போகலாம். வெட்டல் ஓட்டிய அதே நேர்பாதையில் இருபத்தைந்து வினாடி காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்களுக்குக் கொடுத்த காசுக்குப் போதும்.